கிணற்று மேட்டுத் தட்டைச் சிலந்தி

சிலந்தி ஆய்வுக்கென்று புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, வந்த முதல் வாரத்திலேயே என் மேல் கோபம் என்று எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் இந்த அம்மா ஏன் குன்றும் கரடும் ஏறி வந்து நம் உயிரை வாங்குகிறார் என்று ஜீப்பின் பின்பக்கம் நீங்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. எனக்குக் காது இன்னும் நன்றாகவே கேட்கிறது. கோபத்துக்குக் காரணமும் தெரியும். குப்பியில் ஒட்டும் சீட்டில் ‘கடமலைக்குண்டு அருகே’ என்று எழுதிக் கொடுத்தீர்கள். நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எந்தக் கரடு, எந்தச் சரிவு, கல்லுக்கு அடியிலா இடுக்கிலா, யார் கண்ணில் பட்டது, யார் கை எடுத்தது, இவ்வளவும் வேண்டும் என்றேன். ஒரு விரல் நீளச் சீட்டில் இத்தனையும் எப்படி எழுதுவது என்று ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பொடியாக எழுத வேண்டியதுதான்.

இந்தப் பிடிவாதம் என் சொந்தச் சரக்கு இல்லை. என்னோடு ஒரே சமயத்தில் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த ஒரு தோழியிடமிருந்து வந்தது. பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவாள், அதனால் போடவில்லை. எங்கள் துறையில் மாதிரிகள் வைக்கும் அறை அவள் பொறுப்பு. யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் பூச்சியைப் பார்க்க மாட்டாள், கொண்டுவந்தவர் முகத்தைத்தான் பார்ப்பாள். “எங்கன எடுத்தீக? யாரு எடுத்தாக?” என்பாள். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த பெரிய பேராசிரியர் ஒருவர் அழகான சிலந்தி ஒன்றைக் கொடுத்து, கம்பம் பக்கம் எங்கேயோ கிடைத்தது என்றார். அவருக்குத் தேநீர் கொடுத்து, சிலந்தியையும் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். துறைத்தலைவர் எகிறிக் குதித்தார். அவள் அசரவில்லை. கூடவே இருந்த எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. அது தொற்றியதற்காக நான் அவளுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் தேடுகிற தட்டைச் சிலந்தியைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் நான் அதைப் பார்க்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வருசநாட்டுப் பக்கத்துக் கரடுகளில், காய்ந்த சரிவுகளில், கல்லும் கல்லும் ஒட்டிக் கிடக்கிற இடுக்குதான் அதற்கு வீடு. அந்த இடுக்கில் நாம் ஒரு தபால் அட்டையை நுழைக்கலாம், அவ்வளவுதான் இடம். அதற்குள் எட்டுக் காலையும் பக்கவாட்டில் பரப்பி, கல்லோடு கல்லாகப் படிந்து பகல் முழுவதும் கிடக்கும். வலை பின்னாது. பொழுது சாய்ந்ததும் தரைக்கு இறங்கி இரை தேடும். வெளிச்சம் பட்டால் பக்கவாட்டில் ஓடி, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். நிறமும் அந்தக் கரட்டு மண்ணின் நிறமேதான். ஊர்க்காரர்களிடம் இதற்குத் தனிப் பெயர் கிடையாது. அவர்களுக்கு எல்லாமே எட்டுக்கால் பூச்சிதான்.

கல்லைப் புரட்டினால் புரட்டியபடியே பழைய இடத்தில், பழைய பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள் என்று நான் கத்துவதற்கும் இதுதான் காரணம். நமக்கு அது கல், அதற்கு அது கூரை. கொஞ்சம் கோணலாக வைத்தாலும் அந்த இடுக்கு போய்விடும், சிலந்தியும் போய்விடும். இன்னொன்று, அதே கூரைக்கு அடியில் அது தனியாக வாடகைக்கு இருப்பதில்லை. தேள் இருக்கும், பூரான் இருக்கும், பல்லி இருக்கும். சுருட்டை விரியனும் இருக்கும். இதைக் களத்தில் ஒரு நிமிடம்கூட மறக்காதீர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடை. தட்டைச் சிலந்தியில் இதுவரை யாரும் எழுதி வைக்காத ஒரு வகை நம் கரடுகளில் இருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியிருந்தது. ஆண் சிலந்திகள் கிடைத்திருந்தன. பெண் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பெண்ணைப் பார்க்காமல் புது வகை என்று அடித்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கோடை முழுவதும் நினைப்பெல்லாம் அதுவாகவே இருந்தது. வீட்டில் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

அப்படி ஒரு பிற்பகலில், கல்லூரியில் இருக்கும்போது போன் வந்தது. மலையடிவாரத்தில் ஒரு சிறிய அரசு சுகாதார நிலையத்தில் இருந்த இளம் டாக்டர். பாம்புக்கடி பற்றி ஊர்மக்களிடம் பேசப் போன கூட்டம் ஒன்றில் எங்களுக்குள் பழக்கம். கெங்குவார்பட்டிக்காரப் பெண், படபடவென்று பேசுவார்.

“மேடம், அவசரமா ஒண்ணு கேக்கணும். ஒரு பேஷன்ட் வந்திருக்காங்க. வயல்ல கல்லு பொறுக்கும்போது விரல்ல என்னமோ கடிச்சிருச்சு. வீட்டுக்காரர் கடிச்ச பூச்சியவே கவர்ல போட்டுக் கொண்டாந்துட்டாரு. போட்டோ அனுப்பிருக்கேன். இது விஷமான்னு மட்டும் சொல்லுங்க.”

படத்தைத் திறந்தேன். பிளாஸ்டிக் கவருக்குள் கொஞ்சம் நசுங்கிய நிலையில் ஒரு தட்டைச் சிலந்தி. பெண் சிலந்தி.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு நெஞ்சு துள்ளியது. ஒரு கோடை முழுவதும் நான் கரடு கரடாக ஏறித் தேடியது, ஒரு காய்கறிக் கவருக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

“பயப்பட வேண்டாம் டாக்டர். இது தட்டைச் சிலந்தி. மனுசரை ஒண்ணும் செய்யாது” என்றேன்.

“அப்பாடா. ரத்தம் உறையுற டெஸ்ட்டும் பண்ணிட்டேன் மேடம், நார்மலாத்தான் இருக்கு. வீக்கமும் லேசாத்தான். அவங்க வேற வீட்டுக்குப் போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. பிள்ளைய பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்திருக்காங்களாம். ஊருக்குப் போற பஸ் இதுதான் கடைசி, டிரைவர் ஹாரன் அடிச்சிட்டே இருக்காரு. ஊசி போட்டு அனுப்பிரவா?”

கடிபட்ட பெண்ணின் ஊர் மலைக்கு மேலே. பேருந்து இறக்கிவிட்ட பிறகும் நடக்க வேண்டும். சாயங்காலத்துக்கு மேல் கீழே இறங்கி வர வண்டி கிடையாது. போன் சிக்னலும் அங்கே வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

நான் அனுப்புங்கள் என்றும் சொல்லவில்லை, அனுப்பாதீர்கள் என்றும் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வந்தது அந்தப் பழைய கேள்விதான். “இது எங்கன கிடைச்சதுன்னு கேளுங்க டாக்டர். எந்தக் கல்லுக்கு அடியில?”

பிறகு இந்தச் சம்பவத்தைக் கேள்விப்பட்டவர்கள் என் சமயோசிதத்தைப் பாராட்டினார்கள். அதில் சமயோசிதம் எதுவும் இல்லை. என் குப்பிக்குச் சீட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான். பழக்கம் கேட்டது. போனுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் படுத்திருக்கிறாள் என்பதெல்லாம் கேள்விக்குத் தெரியாது.

டாக்டருக்கு எரிச்சல். இருந்தாலும் போனை ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார். அவர் பெயர் ராசு. கூடவே நாலைந்து சொந்தக்காரர்கள் நிற்பது பேச்சுச் சத்தத்தில் தெரிந்தது.

“வயல்லதாங்க டீச்சர்” என்றார் ராசு.

“வயல்ல எங்கன?”

“கெணத்து மேட்டுல கல்லு குமிச்சுக் கெடக்கு. அங்கன.”

குறித்துக்கொண்டேன். கிணற்று மேடு, கற்குவியல். இனி எடுத்தவர் பெயர். “உங்க வீட்டம்மா அங்கனதான் கல்லு பொறுக்கிட்டு இருந்தாகளா?”

“இல்லீங்க. அவ கீழ, ஓடை ஓரம். தக்காளி போடுறதுக்குக் கல்லப் பொறுக்கி வரப்பச் சரிபண்ணிட்டு இருந்தா.”

பேனா நின்றுவிட்டது. “கெணத்து மேட்டுக்கும் ஓடைக்கும் எம்புட்டுத் தூரம்?”

“அது இருக்கும்ங்க, ஒரு வயக்காடு தாண்டி.”

“அப்ப ஓடையில கடிச்ச பூச்சி கெணத்து மேட்டுல எப்பிடிக் கிடைச்சது ராசு?”

பின்னால் பேருந்து ஹாரன் கேட்டது. யாரோ ஒருவர், “ஏலே, பஸ்ஸு கெளம்பப் போகுது, அங்கன என்ன வக்கீல் கேள்வி கேட்டுக்கிட்டிருக்காக?” என்று சத்தம் போட்டார்.

ராசு மெதுவாகச் சொன்னார். “கடிச்சத நான் பாக்கல டீச்சர். அவ கத்துனதும் ஓடியாந்தேன். தேடிப் பாத்தேன், அங்கன ஒண்ணும் இல்ல. கடிச்சது எதுன்னு காட்டலைன்னா ஆசுபத்திரியில வைவாக, வெறுங்கைய வீசிட்டுப் போகாதன்னு எங்க சித்தப்பா சொன்னாரு. போற வழியில கெணத்து மேட்டுக் கல்லப் பொரட்டுனேன். இது ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அடிச்சு எடுத்தாந்துட்டேன்.”

எழுதிக்கொண்டிருந்த சீட்டை ஒதுக்கி வைத்தேன்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ராசு பொய் சொல்ல வரவில்லை. நம் பக்கம் கடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது கடித்ததையும் அடித்து எடுத்துப் போவது வழக்கம். பாம்பானால் பாம்பு, தேளானால் தேள். அகப்படாத பதற்றத்தில் அகப்பட்டதை எடுத்துவிட்டார். வயலிலிருந்து சுகாதார நிலையம் வருவதற்குள் ‘கல்லுக்கு அடியில் இருந்த பூச்சி’ என்பது ‘கடித்த பூச்சி’ ஆகிவிட்டது. கூட வந்த சொந்தக்காரர்களில் இரண்டு பேர் அது கடித்ததைக் கண்ணால் பார்த்ததாகவே டாக்டரிடம் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை பேர் முன்னால், பேருந்து உறுமிக்கொண்டிருக்கும்போது, நான் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ள அவருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருக்கும்! படித்த சபைகளில் அந்த நெஞ்சுரத்தை நான் அதிகம் கண்டதில்லை. ராசுவுக்கு அன்றைக்கே என் மனதில் ஒரு கும்பிடு போட்டேன்.

டாக்டர் போனைத் திரும்ப வாங்கினார். குரல் மாறியிருந்தது. “என்ன சொல்றீங்க மேடம்? டெஸ்ட் நார்மல். இவங்க இருக்கமாட்டேங்கிறாங்க. நான் பிடிச்சு வச்சு ஒண்ணும் இல்லன்னா ஊரே என்னை ஏசும்.”

அவருக்கு என்னிடமிருந்து ஒரு உறுதியான வார்த்தை வேண்டியிருந்தது. பாம்புதான் என்று நான் சொல்லியிருந்தால் அவருக்குப் பிடிமானமாக இருந்திருக்கும். ஆனால் எனக்கு அது தெரியாதே. கல்லின் முனை குத்தியிருக்கலாம். முள் இறங்கியிருக்கலாம்.

“டாக்டர், எனக்கு இந்தச் சிலந்தியத் தெரியும். இது கடிக்கல, அதுவும் இப்பத் தெரிஞ்சு போச்சு. ஓடை ஓரத்துக் கல்லுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அந்த மாதிரி கல்லுக்கு அடியில சுருட்டை விரியனை நானே பாத்திருக்கேன். நான் மொதல்ல சொன்ன ‘ஒண்ணும் செய்யாது’ங்கிறத அடிச்சுப் போட்டுருங்க. அது சிலந்திக்குச் சொன்னது, அந்தப் பொண்ணுக்குச் சொன்னது இல்ல.”

அந்த டாக்டருக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்ல வேண்டும். தெரியாது என்று ஒருவர் சொன்னால் அதைக் கைவிரிப்பாக எடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். அவர் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டார். “பஸ்ஸ அனுப்பிருங்க. பாம்புக்கடின்னு வச்சுத்தான் பாக்கப் போறேன். பேஷன்ட் இங்கதான் இருப்பாங்க” என்று அவர் சத்தமாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்கு மேல் அங்கே நடந்த கூச்சலும் கேட்டது. போன் அணைந்துவிட்டது.

பெண் சிலந்தியின் படம் திரையில் அப்படியே இருந்தது. அதை ஒருமுறைகூடப் பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

பொழுது இறங்கும் நேரம் டாக்டர் மறுபடி கூப்பிட்டார். விடாமல் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார். கடைசியாக எடுத்த ரத்தம் குப்பியில் உறையவே இல்லை, தண்ணீராக அலம்பியது. ஈறில் ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. பாம்புக்கடி மருந்தை ஏற்றத் தொடங்கி, ஆம்புலன்ஸில் தேனிக்கு அனுப்பிவிட்டார். “பஸ்ல அனுப்பியிருந்தா இந்நேரம் மலைமேல இருந்திருப்பாங்க மேடம்” என்றார்.

நான் தேனிக்குப் போனபோது ராசு மருத்துவமனை வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். டீச்சரம்மா என்று யாரோ சொன்னதும் எழுந்து நின்று அழுதார். “என் கையாலயே அவளக் கொல்லப் பாத்தேனே! அந்தப் பூச்சிய எடுத்துட்டுப் போகாம இருந்திருந்தா டாக்டரம்மா மொதல்லயே பாம்புன்னு பாத்திருப்பாகல்ல? இருக்கட்டும். அந்தக் கெணத்து மேடு பூராம் மருந்தடிச்சு, ஒரு பூச்சி பொட்டு இல்லாம ஆக்கிட்டுத்தான் மறுவேல.”

“அந்தப் பூச்சி என்ன பண்ணுச்சு உங்கள? அது பாட்டுக்குத் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. நீங்கதான் போய் எழுப்பி அடிச்சீக” என்றேன். அழுகைக்கு நடுவில் அவருக்கு ஒரு சிரிப்பு வந்தது. “நீங்க உள்ளதச் சொன்னதாலதான் அவுக உள்ள உசுரோட இருக்காக. அத மட்டும் நெனச்சுக்கங்க.”

அவர் மனைவி பாண்டியம்மாள் பிழைத்துக்கொண்டார். விரல் கொஞ்சம் கறுத்து, தோல் உரிந்து, பிறகு சரியாகிவிட்டது.

மழை விழுந்த பிறகு நான் அந்த வயலுக்குப் போனேன். கிணற்று மேட்டில் ராசு மருந்தடிக்கவில்லை. அவரே கூட வந்து நின்று, அந்தக் கற்குவியலில் மெதுவாகக் கல் தூக்கிக் காட்டினார். எதிர் விளிம்பைக் கொக்கியால் இழுத்துக் கல்லை நம் பக்கமாகத் தூக்கினால், உள்ளே இருப்பது அந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். இடுக்கில் உயிரோடு பெண் சிலந்தி, பக்கத்தில் கல்லோடு ஒட்டிய வெள்ளைத் தாள் வட்டம்போல அதன் முட்டைப் பை. முட்டை இருந்ததால் தொடவில்லை. அடுத்த கல்லில் முட்டையில்லாத இன்னொன்று கிடைத்தது, ராசுவே அதைக் குப்பியில் பிடித்தார். அங்கேயே உட்கார்ந்து சீட்டை எழுதினேன். கிணற்று மேடு, கற்குவியல், மேற்குப் பக்கம், கல்லிடுக்கு. எடுத்தவர் ராசு.

பாண்டியம்மாள் கீழே ஓடை ஓரத்தில் தக்காளிக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மேலே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நல்லா இருக்கீகளா, சாப்பிட்டீகளா என்று கேட்டு, வரப்பில் உட்காரவைத்து, பையில் பழமாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார். கடித்த இடத்தைக் காட்டினார். பேச்சு அந்த நாளுக்குப் போனது.

“சத்தம் கேட்டுச்சு டீச்சர்” என்றார். “கல்லத் தூக்குறப்ப. காஞ்ச தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சாப்புல, சர்ரு சர்ருன்னு. கைய இழுக்குறதுக்குள்ள குத்திருச்சு.”

சுருட்டை விரியன் உடம்பை உடம்போடு உரசி எழுப்புகிற சத்தம் அது. நம் பக்கத்துப் பாம்புகளில் வேறு எதற்கும் கிடையாது. அந்த ஒரு வார்த்தை போதும், டாக்டர் முதலிலேயே தெரிந்துகொண்டிருப்பார். படமும் வேண்டாம், நானும் வேண்டாம்.

“இத ஏம்மா அன்னைக்கே சொல்லல?”

“யாரு கேட்டாக?” என்றார். கோபமாக இல்லை, தக்காளிப் பையின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னார். “டாக்டரம்மா அவுகளத்தான் கேட்டாக. அவுக சித்தப்பாவக் கேட்டாக. நீங்களும் போன்ல அவுகளத்தான கேட்டீக? நான் பக்கத்துக் கட்டில்லதான் படுத்துக் கெடந்தேன்.”

என் தோழி கொடுத்த கேள்விகளுக்கு நான் நன்றி சொன்னேன். ராசுவுக்கும் டாக்டருக்கும் சொன்னேன். ஆனால் எனக்குக் கிடைத்த பாடங்களிலேயே பெரியது பாண்டியம்மாள் கொடுத்தது. நான் கேட்ட கேள்வி சரி, கேட்ட ஆள்தான் சரியில்லை. இனி உங்களுக்கும் இப்படி அழைப்புகள் வரும். சிலந்தி ஆராய்ச்சிக்காரர் என்று தெரிந்தால் ஊரெல்லாம் படம் அனுப்பும். எனக்கு இன்றைக்கும் வருகின்றன. படத்தைத் திறப்பதற்கு முன்னால் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

“கடிபட்டவுக கையில போனக் குடுங்க.”